காத்தாடி குக்கீக்கு ஜிஎஸ்டி 18-லிருந்து 5%: வீட்டில் சுட்டு விற்பவர்களுக்கு இது லாபமா?

டிசம்பர் பிறந்துவிட்டால் வேளாங்கண்ணி, பூண்டி பக்கம் வீட்டு வாசலில் நட்சத்திர விளக்கு தொங்கும். கூடவே இன்னொன்றும் வரும். தஞ்சாவூர், கும்பகோணம், மயிலாடுதுறை வாட்ஸ்அப் குரூப்களில் "ஹோம்மேட் குக்கீஸ், ஆர்டர் எடுக்கிறோம்" என்று ஒரு போஸ்டர். பிளம் கேக்குக்குப் பக்கத்தில் இப்போது சில போஸ்டர்களில் காத்தாடி குக்கீயும் இருக்கிறது.

தெரியாதவர்களுக்கு: திருவிழாக் கடையில் குச்சியில் செருகி விற்கும் காகிதக் காத்தாடி இருக்கிறதல்லவா, அதே வடிவம். மாவைச் சதுரமாக வெட்டி, நாலு மூலையிலிருந்தும் நடுவை நோக்கிக் கீறி, ஒன்று விட்டு ஒரு முனையை மடித்து, நடுவில் பழக்கூழ் வைத்துச் சுடுவது. ஃபின்லாந்தில் கிறிஸ்துமஸுக்குக் கட்டாயம் செய்யும் பண்டம் இது, அங்கே நடுவில் பிளம் ஜாம். அமெரிக்க வீடுகளில் வேறு மாதிரி: மாவைத் தேய்த்து, மேலே பேரீச்சை விழுதைத் தடவி, பாய் மாதிரி சுருட்டி, வில்லை வில்லையாக வெட்டிச் சுடுவார்கள். இரண்டுக்கும் ஆங்கிலத்தில் ஒரே பெயர்தான், பின்வீல் குக்கீ.

இதில் நடப்புச் செய்தி எங்கே வருகிறது? 2025 செப்டம்பர் 22. அன்றுதான் பிஸ்கட், கேக், பேஸ்ட்ரி மீதான ஜிஎஸ்டி 18 சதவீதத்திலிருந்து 5 சதவீதமாக இறங்கியது. வெண்ணெய், நெய், ஜாம், பேரீச்சம்பழம் எல்லாம் 12-லிருந்து 5. "ஹோம் பேக்கர்களுக்கு ஜாக்பாட்" என்று பலரும் கொண்டாடினார்கள். கணக்குப் போட்டுப் பார்த்தால் விஷயம் கிட்டத்தட்ட நேர்மாறாக இருக்கிறது.

சந்திரகலாவுக்கு 5, குக்கீக்கு 18

முதலில் பழைய கதை. 2017 ஜூலை 1-ல் ஜிஎஸ்டி வந்தபோது, அடுப்பிலிருந்து வரும் பண்டங்களுக்கு ஒரு விசித்திரமான ஏணி போட்டார்கள். பிரெட்டுக்கு வரி இல்லை. ரஸ்க்குக்கு 5%. பிஸ்கட்டுக்கும் கேக்குக்கும் 18%.

தஞ்சாவூர்க்காரர்களுக்கு இது எவ்வளவு வேடிக்கை என்று புரிய சந்திரகலாவை எடுத்துக்கொள்ளலாம். மைதா மாவுக்குள் கோவா பூரணம் வைத்து, ஓரத்தை மடித்து, பொரித்து, பாகில் ஊறவைப்பது. காத்தாடி குக்கீயும் மைதாதான், உள்ளே பூரணம்தான், ஓரத்தை மடிப்பதுதான். ஒன்று எண்ணெய்ச் சட்டியில் இறங்குகிறது, இன்னொன்று ஓவனுக்குள் போகிறது. அவ்வளவுதான் வித்தியாசம். ஆனால் சந்திரகலா 'இனிப்பு வகை' என்பதால் 5%. குக்கீ 'பேக்கரி பண்டம்' என்பதால் 18%. எட்டு வருஷம் இப்படித்தான் ஓடியது.

2024 செப்டம்பரில் கோவையில் நிதியமைச்சர் நிர்மலா சீதாராமன் கலந்துகொண்ட கூட்டத்தில் ஓர் ஓட்டல் உரிமையாளர், பன்னுக்கு ஜிஎஸ்டி இல்லை, உள்ளே கிரீம் வைத்தால் 18% ஆகிவிடுகிறது என்று பேசிய வீடியோ ஞாபகம் இருக்கலாம். அதற்கப்புறம் நடந்த அரசியல் களேபரம் தனிக்கதை. அவர் சுட்டிக்காட்டிய குழப்பம் இதே ஏணியைப் பற்றியதுதான். ஒரு வருஷம் கழித்து ஏணியின் மேல்படியை எடுத்துவிட்டார்கள். இப்போது பிரெட் 0, மற்றதெல்லாம் 5. சந்திரகலாவும் காத்தாடி குக்கீயும் ஒரே படியில்.

இது நல்ல விஷயம்தான். யாருக்கு நல்லது என்பதில்தான் கேள்வி.

ஒரு ஈடு குக்கீ, ஒரு சின்ன கணக்கு

வீட்டில் சுட்டு விற்பவர்களில் பெரும்பாலானவர்கள் ஜிஎஸ்டி வலைக்குள்ளேயே வருவதில்லை. தமிழ்நாட்டுக்குள் பொருள் விற்பவருக்கு ஆண்டு விற்பனை 40 லட்சம் ரூபாயைத் தாண்டினால்தான் பதிவு கட்டாயம். மாதம் முப்பதாயிரம், நாற்பதாயிரத்துக்கு விற்கும் ஒருவர் 18% காலத்திலும் வாடிக்கையாளரிடம் வரி வாங்கியிருக்க மாட்டார். இப்போதும் வாங்க மாட்டார். அப்படியென்றால் வரிக் குறைப்பு அவருக்கு எந்த வழியாக வரும்? வாங்கும் பொருட்களின் விலை வழியாக மட்டும்தான்.

கும்பகோணத்தில் ஒரு வீடு என்று வைத்துக்கொள்வோம். ஒரு ஈட்டுக்கு மைதா 250 கிராம், வெண்ணெய் 125 கிராம், பொடித்த சர்க்கரை 100 கிராம், பூரணத்துக்குப் பேரீச்சை 250 கிராம். ஏறக்குறைய 30 குக்கீ வரும்.

மைதாவிலும் சர்க்கரையிலும் இந்த முறை மாற்றம் எதுவும் இல்லை. வெண்ணெய்: அமுல் 100 கிராம் பாக்கெட் 62 ரூபாயிலிருந்து 58 ஆனது. அப்படியானால் 125 கிராமுக்கு 5 ரூபாய் மிச்சம். பேரீச்சை 150 ரூபாய்க்கு வாங்கிக்கொண்டிருந்தால், வரி வித்தியாசம் முழுசாகக் கிடைத்தால் 141-க்கு வரும், 9 ரூபாய் மிச்சம். அட்டைப் பெட்டியில் ஒரு ரூபாய். மொத்தம் 15 ரூபாய்.

இப்போது எதிர்ப்பக்கம். ஜிஎஸ்டி பதிவுள்ள ஒரு செயின் பேக்கரி அதே அளவு பெட்டியை வரியோடு 300 ரூபாய்க்கு விற்றது என்று வையுங்கள். அதில் சரக்கின் விலை 254, மீதி 46 வரி. வரி 5% ஆனால் அதே பெட்டி 267 ரூபாய். 33 ரூபாய் இறங்குகிறது.

வீட்டுப் பெட்டி முன்னால் 280 என்றால், கடையைவிட 20 ரூபாய் சல்லிசு. இப்போது மிச்சமான 15 ரூபாயை அப்படியே வாடிக்கையாளருக்குக் கொடுத்தாலும் 265. கடையில் 267. இருபது ரூபாய் இடைவெளி இரண்டு ரூபாயாகச் சுருங்கிவிட்டது.

பெட்டி விலைகள் உதாரணத்துக்குத்தான், ஊருக்கு ஊர் மாறும். ஆனால் கணக்கின் போக்கு மாறாது. வரி கட்டாமல் இருந்ததே ஒரு சலுகையாக இருந்தது. எதிராளியின் வரி குறைந்தபோது அந்தச் சலுகையின் மதிப்பும் சேர்ந்து குறைந்தது.

ஆனால், எல்லாக் கடையும் 18% வாங்கியதா?

இல்லை. இங்கே ஒரு திருத்தம் தேவை. ஆண்டு விற்பனை ஒன்றரைக் கோடிக்குள் இருக்கும் சின்ன பேக்கரிகள் 'காம்போசிஷன்' திட்டத்தில் சேரலாம். தயாரித்து விற்பவர் மொத்த விற்பனையில் 1% கட்டினால் போதும், வாடிக்கையாளரிடம் தனியாக வரி வாங்கக் கூடாது. டீ, பஃப்ஸ், டீ பன் விற்கும் தெருமுனை பேக்கரிகளில் இந்த வழியில் இருப்பவர்களுக்கு செப்டம்பர் 22 பெரிய நாள் இல்லை. அவர்களுக்கும் ஹோம் பேக்கர்களுக்கும் நடுவே பெரிதாக எதுவும் மாறவில்லை. விலை நிஜமாக இறங்கக்கூடியது பெரிய கம்பெனி பாக்கெட்டுகளிலும் செயின் கடைகளிலும்தான். கிறிஸ்துமஸ் கிஃப்ட் பாக்ஸ் ஆர்டருக்கு வீட்டுக் குக்கீ போட்டிபோடுவதும் அவர்களோடுதான். தெருமுனை பேக்கரியில் யாரும் ரிப்பன் கட்டிய பெட்டி வாங்குவதில்லை.

காரைக்கால் என்கிற 'வெளி மாநிலம்'

டெல்டாவுக்கே உரிய ஒரு சிக்கல் இது. 40 லட்சம் வரை பதிவு வேண்டாம் என்பது மாநிலத்துக்குள் விற்கும்வரைதான். வரிக்குரிய பொருளை வேறு மாநிலத்துக்கு சப்ளை செய்தால், விற்பனை எத்தனை சின்னதாக இருந்தாலும் ஜிஎஸ்டி பதிவு கட்டாயம். கைவினைப் பொருட்களுக்கு இதில் விலக்கு உண்டு. குக்கீ கையால்தான் செய்கிறோம், ஆனாலும் அந்தப் பட்டியலில் இல்லை.

பெங்களூருக்கு கூரியர் போட்டால் இந்தச் சட்டம் பொருந்தும் என்று சொன்னால் யாரும் ஆச்சரியப்பட மாட்டார்கள். காரைக்காலை யோசித்துப் பாருங்கள். நாகூரிலிருந்து பஸ்ஸில் அரை மணி நேரம். தரங்கம்பாடியிலிருந்தும் பக்கம்தான். கல்யாணம், காதுகுத்து, மீன் மார்க்கெட் எல்லாம் இந்த ஊர்களுக்குள் கலந்தே நடக்கும். ஆனால் காரைக்கால் புதுச்சேரி யூனியன் பிரதேசம். ஜிஎஸ்டியைப் பொறுத்தவரை வெளி மாநிலம். நாகப்பட்டினத்தில் சுட்ட குக்கீயை காரைக்கால் வீட்டு வாசலில் டெலிவரி செய்தால் அது மாநிலங்களுக்கு இடையேயான வணிகம்.

ஆன்லைன் பக்கம் கொஞ்சம் தளர்வு உண்டு. முன்பெல்லாம் ஆன்லைன் விற்பனைத் தளம் வழியாகப் பொருள் விற்றாலே பதிவு கட்டாயம். 2023 அக்டோபர் 1 முதல், சொந்த மாநிலத்துக்குள் மட்டும் விற்கும் சின்ன விற்பனையாளர்கள் ஒரு சேர்க்கை எண் வாங்கிக்கொண்டு அந்தத் தளங்களில் விற்கலாம்.

விலையில் ஜெயிக்க முடியாது, அப்புறம்?

இருக்கிற ஒரே வழி, பெட்டிக்குள் என்ன இருக்கிறது என்பது. காத்தாடி குக்கீ இதற்கு நல்ல உதாரணம், ஏனென்றால் இதில் ஏமாற்ற இடம் இருப்பது நடுவில் உள்ள அந்த ஒரு ஸ்பூன் பழத்தில்தான்.

பேக்கரி பிரெட்டிலும் கேக்கிலும் சிவப்பு, பச்சையாக மின்னும் டூட்டி ஃப்ரூட்டி பெரும்பாலும் பப்பாளிக்காய், சர்க்கரைப் பாகில் ஊறி கலர் ஏறியது. 'ஜாம்' என்று பெயர் போட வேண்டுமென்றால் உணவுப் பாதுகாப்பு ஆணையமான எஃப்எஸ்எஸ்ஏஐயின் தரவிதிப்படி பழம் குறைந்தது 45% இருக்க வேண்டும். ஸ்ட்ராபெரி, ராஸ்ப்பெரிக்கு மட்டும் 25%. 'ஃபில்லிங்' என்று பெயர் போட்டால் ஜாமுக்கான அந்த அளவுகோல் பொருந்தாது. அடுத்த தடவை பாக்கெட் வாங்கும்போது பொருட்கள் பட்டியலில் பழம் எத்தனையாவது இடத்தில் இருக்கிறது என்று பாருங்கள். எடையில் அதிகமானது முதலில் வரும் என்பதே விதி.

டெல்டாவில் பழத்துக்குப் பஞ்சமா? திருவையாறு, திருக்காட்டுப்பள்ளி என்று காவிரிக் கரை முழுக்க வாழை. பூவன், ரஸ்தாலி, கற்பூரவள்ளி. திருச்சியில் 1993-லிருந்து வாழைக்கென்றே தேசிய ஆராய்ச்சி மையம் இயங்குகிறது. அப்படியிருக்க, இங்கே சுடும் குக்கீயில் பாலைவனத்துப் பேரீச்சையை வைப்பது கொஞ்சம் உறுத்தத்தான் செய்கிறது. ஆனால் அதற்குக் காரணம் சோம்பேறித்தனம் இல்லை, தண்ணீர்.

பேரீச்சை ஏற்கெனவே காய்ந்த பழம். அரைத்தால் கெட்டி விழுது. வாழைப்பழத்தில் முக்கால் பங்கு தண்ணீர். பச்சையாக மசித்து நடுவில் வைத்தால் ஓவனில் கசியும், அடிமாவு வேகாமல் சொதசொதவென்று நிற்கும். தப்பித்து வெந்தாலும் மறுநாள் மாலைக்குள் குக்கீ பன் மாதிரி ஆகிவிடும். எனவே வாழையை முதலில் அல்வா பதத்துக்குக் கொண்டுவர வேண்டும்.

செய்முறை என்று பார்த்தால் இவ்வளவுதான். நன்றாகப் பழுத்த கற்பூரவள்ளி அல்லது பூவன் அரைக் கிலோவை மசித்து, அடிகனமான வாணலியில் ஒரு ஸ்பூன் நெய்யோடு மிதமான தீயில் கிளற வேண்டும். தண்ணீர் வற்றியதும் 150 கிராம் பொடித்த வெல்லம், கொஞ்சம் ஏலக்காய், அரை மூடி எலுமிச்சைச் சாறு. ஓரத்தில் ஒட்டாமல் சுருண்டு வரும்வரை விடாமல் கிளறணும். அரை மணி நேரத்துக்கு மேல் ஆகும், கை வலிக்கும். கேரளத்தில் 'வரட்டியது' என்பார்களே, அந்தப் பதம். ஒரு துளியைத் தட்டில் வைத்துச் சாய்த்தால் ஓடக் கூடாது. ஆறியதும் கோலிக்குண்டு அளவுக்கு உருட்ட வர வேண்டும்.

மாவுக்கு, குளிர்ந்த வெண்ணெயை மைதாவில் விரல் நுனியால் உதிர்த்து, சர்க்கரை, ஒரு சிட்டிகை உப்பு சேர்த்து, இரண்டு மூன்று ஸ்பூன் ஐஸ் தண்ணீரில் திரட்ட வேண்டும். சப்பாத்தி மாவு மாதிரி பிசைந்தால் கெட்டது. பிசையப் பிசைய க்ளூட்டன் இறுகி, குக்கீ வறட்டு பூரி மாதிரி ஆகும். ஃப்ரிட்ஜில் ஒரு மணி நேரம் கட்டாயம். வெண்ணெய் 32, 33 டிகிரியில் உருகத் தொடங்கும். மே மாதத் தஞ்சாவூர் சமையலறை அதைவிடச் சூடு. மார்கழியில் பிரச்சினை குறைவு, ஆனாலும் தேய்த்துக்கொண்டிருக்கும்போதே மாவு கையில் ஒட்ட ஆரம்பித்தால் மறுபடி ஃப்ரிட்ஜுக்குள் வைத்துவிடுங்கள். மைதாவை மேலே மேலே தூவிச் சமாளிக்கப் பார்ப்பதுதான் பலரும் செய்யும் தப்பு.

கால் செ.மீ. கனத்துக்குத் தேய்த்து, விரல் நீளச் சதுரங்களாக வெட்டி, நாலு மூலையிலிருந்தும் பாதி தூரத்துக்குக் கீறி, நடுவில் பூரண உருண்டை. ஒன்று விட்டு ஒரு முனையை நடுவுக்குக் கொண்டுவந்து, ஒரு சொட்டுத் தண்ணீர் தொட்டு அழுத்த வேண்டும். அழுத்தம் போதாவிட்டால் ஓவனில் காத்தாடி விரிந்து தாமரையாகிவிடும். மடித்த பிறகு ட்ரேயோடு பத்து நிமிடம் ஃப்ரீசர். 180 டிகிரி சூடேறிய ஓவனில் 12 முதல் 15 நிமிடம், ஓரம் பொன்னிறமானால் போதும். வெளியே எடுக்கும்போது மெத்தென்று இருக்கும். பயந்து மறுபடி உள்ளே தள்ள வேண்டாம், ஆறினால் மொறுமொறுப்பாகும்.

சுருட்டி வெட்டும் வகை இன்னும் சுலபம். ஆனால் அதில் பூரணம் அதிகப் பரப்பில் மாவைத் தொடுவதால் சீக்கிரம் மெத்தென்றாகும். கடையில் கொடுத்து விற்க நினைப்பவர்கள் காத்தாடியைத் தேர்ந்தெடுப்பது நல்லது.

நெல்லு விளையிற ஊர்ல மைதாவா?

இந்தக் கேள்வி யாராவது கேட்காமல் இருக்க மாட்டார்கள். தமிழ்நாட்டில் கோதுமை விளைச்சல் சொல்லிக்கொள்ளும்படி கிடையாது. குக்கீயில் போகும் மைதா வடமாநிலக் கோதுமை. சம்பா நிற்கும் வயலுக்குப் பக்கத்து வீட்டில் அதைத் தேய்த்துக்கொண்டிருக்கிறோம்.

முழுக்க அரிசி மாவில் காத்தாடி மடிக்க முடியாது. அரிசியில் க்ளூட்டன் இல்லை. மாவை இழுத்துப் பிடித்து வைக்கும் அந்தப் பசை இல்லாததால் மடிக்கும் இடத்தில் வெடிக்கும். முறுக்கு, அதிரசம், சீடை என்று நம்மூர் அரிசிப் பண்டங்களைப் பாருங்கள். பிழிவது, தட்டுவது, உருட்டுவது எல்லாம் உண்டு. மடிப்பது என்றால் கொழுக்கட்டை மாதிரி மாவை வேகவைத்துத்தான் ஆக வேண்டும். சோமாசிக்கும் சந்திரகலாவுக்கும் மைதா போனதும் இதனால்தான்.

ஆனால் கால் பங்கு வரை சேர்க்கலாம். ஸ்காட்லாந்து ஷார்ட்பிரெட்டில் மொறுமொறுப்புக்காக அரிசி மாவு சேர்ப்பது பழைய வழக்கம். 250 கிராம் மைதாவில் 50, 60 கிராமை எடுத்துவிட்டு நைஸாக அரைத்த பச்சரிசி மாவு போட்டால் குக்கீ நன்றாகவே உதிரும், ஈரத்தையும் கொஞ்சம் தாங்கும்.

இந்த மாதிரி விஷயங்களை விசாரிக்க தஞ்சாவூர்க்காரர்கள் எங்கேயும் போக வேண்டியதில்லை. புதுக்கோட்டை சாலையில் இருக்கும் நிஃப்டெம் உணவுத் தொழில்நுட்பம், தொழில்முனைவு, மேலாண்மைக்கான தேசிய நிறுவனம். அதன் தொடக்கமே நெல்தான். 1967-ல் திருவாரூர் நவீன அரிசி ஆலையில், மழையில் நனைந்து வரும் குறுவை நெல்லை என்ன செய்வது என்ற தலைவலிக்குத் தீர்வு தேடிப் பிறந்த நெல் பதப்படுத்தும் ஆராய்ச்சி மையம் அது. பிறகு தஞ்சாவூருக்கு இடம் மாறி, பெயர் பலமுறை மாறி, 2021-ல் தேசிய முக்கியத்துவம் வாய்ந்த நிறுவனமானது. உணவுப் பரிசோதனைக் கூடமும், புதிதாகத் தொழில் தொடங்குபவர்களுக்கான பயிற்சியும் அங்கே உண்டு. ஈர நெல்லில் ஆரம்பித்த இடம் என்பதால், ஈரக் குக்கீ பற்றிக் கேட்கத் தயங்க வேண்டாம்.

எத்தனை நாள் தாங்கும்?

ஹோம் பேக்கர்கள் பெட்டியில் "பதப்படுத்தி சேர்க்கவில்லை" என்று பெருமையாகப் போடுகிறார்கள். சரி, அப்போது எத்தனை நாளில் கெடும்? அந்த வரி பல பெட்டிகளில் காணோம்.

பழம் வைத்த குக்கீயில் தண்ணீர் சும்மா இருக்காது. ஈரமான பூரணத்திலிருந்து காய்ந்த மாவுக்கு நகர்ந்துகொண்டே இருக்கும், இரண்டும் ஒரே அளவுக்கு வரும்வரை. உணவு விஞ்ஞானத்தில் இதை 'நீர்ச் செயல்பாடு' என்று 0 முதல் 1 வரை அளப்பார்கள். சுத்தமான தண்ணீர் 1. சாதா பிஸ்கட் 0.3 அளவில் இருக்கும். 0.85-க்குக் கீழே இருந்தால் நோய் தரும் பாக்டீரியாக்கள் பொதுவாகப் பெருக முடியாது. பூஞ்சை பிடிவாதமானது, 0.7 வரைக்கும் வரும். வாழைப் பூரணத்தைச் சுருளக் கிளறச் சொல்வது ருசிக்காக மட்டும் இல்லை, இந்த எண்ணை இறக்கத்தான். பழனி பஞ்சாமிர்தத்தில் தண்ணீரே சேர்க்காததும், வெல்லமும் தேனும் அள்ளிப் போடுவதும் இதே காரணத்தால்தான் அதைத் தாங்க வைக்கிறது.

டெல்டாவில் இன்னொரு எதிரி காற்று. குக்கீ சீசன் தீபாவளியிலிருந்து கிறிஸ்துமஸ் வரை. வடகிழக்குப் பருவமழையும் அப்போதுதான். அப்பளம் நமத்துப்போகும் காற்றில் குக்கீ மட்டும் எப்படித் தாங்கும்? சூடு முழுசாக ஆறாமல் டப்பாவில் போட்டு மூடினால் உள்ளேயே வியர்த்துவிடும். நன்றாக ஆறவிட்டு, காற்றுப் புகாத டப்பாவில் போட வேண்டும். எந்த அளவில் பூரணம் செய்தாலும் விற்பதற்கு முன் ஒரு ஈடு சுட்டு வீட்டிலேயே வைத்து, தினம் ஒன்றாக உடைத்துப் பார்ப்பது அவசியம். எத்தனையாவது நாள் மெத்தென்றானது, எப்போது வாசம் மாறியது என்று குறித்து வைத்து, அதற்கு முன்னாலேயே தேதி போட வேண்டும். லேபில் சோதித்தால் இன்னும் நிச்சயம்.

'பழம் இருக்கு, ஹெல்த்தி' என்ற வரியை மட்டும் தயவுசெய்து எடுத்துவிடலாம். பேரீச்சையில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு சர்க்கரைதான். நாட்டில் 10.1 கோடிப் பேருக்குச் சர்க்கரை நோய் இருப்பதாக ஐசிஎம்ஆர் ஆய்வு 2023-ல் சொன்னது. வெண்ணெய் விஷயமும் அப்படித்தான். வனஸ்பதியின் டிரான்ஸ் கொழுப்புக்கு 2022 ஜனவரியிலிருந்து 2% என்ற உச்சவரம்பு இருக்கிறது. அதனால் "டால்டாவில் விஷம், வெண்ணெய் மருந்து" என்ற பழைய விளம்பரம் இனி அவ்வளவு எடுபடாது. வெண்ணெயின் நிறைவுற்ற கொழுப்பும் கொழுப்புதான். ருசிக்காக வெண்ணெய் போடுகிறோம் என்று நேராகச் சொல்லிவிட்டுப் போகலாம்.

முட்டை தடவினால் பழுப்பு முக்கோணம்

லேபிளில் பலர் தடுக்கி விழும் இடம் ஒன்று. குக்கீ பளபளப்பாக வர மேலே முட்டை தடவுவார்கள். மாவில் முட்டையே இல்லை, மேலே தடவியதுதானே என்று பச்சைப் புள்ளி போட்டால் தப்பு. எஃப்எஸ்எஸ்ஏஐ விதிப்படி முட்டை சேர்ந்த எதுவும் அசைவம், பழுப்பு முக்கோணக் குறி வேண்டும். கிறிஸ்துமஸ் ஆர்டருக்கு இது பிரச்சினை இல்லை. அதே குக்கீயை மார்கழியில் விரதம் இருக்கும் பக்கத்து வீட்டுக்காரரும் வாங்குவார் அல்லவா. பால் தடவினாலும் நிறம் வரும், கொஞ்சம் மங்கலாக. கோதுமை, பால், கொட்டைப் பருப்பு இருந்தால் ஒவ்வாமை எச்சரிக்கையும் பெட்டியில் இருக்க வேண்டும். பொன்னிற திராட்சை மாதிரி சல்ஃபைட் போட்டுக் காயவைத்த பழங்களுக்கும், அளவு கிலோவுக்கு 10 மில்லிகிராமைத் தொட்டால், அதைச் சொல்லணும்.

உணவுப் பாதுகாப்புப் பதிவைத் தவிர்க்க வழியில்லை. ஜிஎஸ்டிக்கு 40 லட்சம் என்ற வரம்பு இருப்பதால், இதற்கும் அப்படி ஒரு விலக்கு இருக்கும் என்று நினைப்பவர்கள் நிறைய. இல்லை. ஆண்டு விற்பனை குறிப்பிட்ட வரம்புக்குள் இருக்கும் சின்னத் தயாரிப்பாளர் 'பதிவு' செய்ய வேண்டும், அதற்கு மேல் போனால் 'உரிமம்'. பதிவுக் கட்டணம் வருடத்துக்கு 100 ரூபாய். ஃபாஸ்காஸ் இணையதளத்தில் போட்டோவும் அடையாள அட்டையும் ஏற்றி விண்ணப்பிக்கலாம். கிடைக்கும் 14 இலக்க எண் பெட்டியில் இருக்க வேண்டும். ஒரு பாக்கெட் பேரீச்சையைவிடக் குறைந்த செலவு. இதைச் செய்யாமல் ஆயிரக்கணக்கில் இன்ஸ்டாகிராம் விளம்பரத்துக்குச் செலவு செய்வது எந்தக் கணக்கிலும் சேராது.

கடன் வாங்கலாமா?

ஓவன் பெரிதாக வாங்க நினைப்பவர்களுக்கு மத்திய அரசின் பிஎம்எஃப்எம்இ திட்டம் இருக்கிறது. 2020-ல் 10,000 கோடி ரூபாய் ஒதுக்கீட்டில் தொடங்கியது, 2025-26 வரை நீட்டிக்கப்பட்டது. குறு உணவுத் தொழிலுக்கு வங்கிக் கடனோடு 35% மானியம், அதிகபட்சம் 10 லட்சம். தன் பங்காக குறைந்தது 10% போட வேண்டும். சுயஉதவிக் குழுவில் இருப்பவர்களுக்கு ஆளுக்கு 40,000 ரூபாய் வரை தொடக்க மூலதனமும் உண்டு. மானியம் கடனோடு கட்டியது என்பதை மறக்க வேண்டாம். வங்கி கடனை ஒப்புக்கொண்டால்தான் மானியமே வரும், மீதியை மாதாமாதம் கட்டணும்.

டிசம்பரில் மட்டும் ஆர்டர் வரும் ஒருவருக்கு இது தேவையா என்பது சந்தேகம்தான். வீட்டு ஓடிஜி ஒரு மணி நேரம் ஓடினால் ஒன்றரை யூனிட் அளவுக்கு இழுக்கும். தினம் நாலு மணி நேரம் என்றால் இரண்டு மாதத்துக்கு 360 யூனிட். வீட்டுக் கணக்கில் இது சேர்ந்து 500 யூனிட்டைத் தாண்டினால் மின்கட்டண அடுக்கே மாறிவிடும். மேலே போட்ட கணக்கில் மிச்சமான 15 ரூபாயில் மின்சாரத்தைச் சேர்க்கவில்லை. பூரணம் கிளறிய அரை மணி நேரத்தையும் சேர்க்கவில்லை. 265 ரூபாய்ப் பெட்டியை 300-க்கு விற்கலாமா என்று யோசிப்பவர்கள் அந்த இரண்டையும் எழுதிப் பார்த்துவிட்டு விலை போடட்டும். 267 ரூபாய்க் கடைப் பெட்டியில் கற்பூரவள்ளி இருக்க வாய்ப்பில்லை.